அடைப்புவகைப் பக்கவாதத்தில் சீன மருத்துவத்தைச் சேர்ப்பது: எந்த நேரத்தில், எந்த வடிவில்?

பக்கவாதம் சீனாவின் மிகப் பெரிய உயிர்க்கொல்லி நோய்களுள் ஒன்று. 2019ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 39 லட்சம் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 29 லட்சம் பேருக்கு வந்தது மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டதால் உண்டாகும் வகை. இப்படி மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்கு ஆஸ்பிரினுடன் மூலிகைச் சாறு ஊசியாக ஏற்றப்படுவதும், இரத்தக்கொதிப்பு மாத்திரையுடன் மூலிகைக் கேப்சூல் தரப்படுவதும், பிசியோதெரபிக்கு முன்போ பின்போ அக்குபஞ்சர் ஊசி குத்தப்படுவதும் அங்கே வழக்கமான காட்சிகள். 1950களில் தொடங்கிய அரசுக் கொள்கையும், பாரம்பரிய மருத்துவத்தையும் நவீன மருத்துவத்தையும் ஒருசேர வளர்க்கச் சொல்லும் 1982ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவும், 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீன மருத்துவச் சட்டமும் இந்தக் கலப்புக்கு நிறுவன வடிவம் தந்திருக்கின்றன.

ஆகவே அங்குள்ள ஒரு குடும்பத்தின் முன் நிற்கும் முடிவு 'சீன மருத்துவமா, மேலை மருத்துவமா' என்ற வடிவில் வருவதே அரிது. மேலை மருத்துவத்தை மட்டும் பின்பற்றுவது, சீன மருத்துவத்தை மட்டும் நம்புவது, இரண்டையும் சேர்ப்பது என மூன்று வழிகள் பெயரளவில் உள்ளன. இவற்றுள் இரண்டாவது வழி முதல் சில மணி நேரத்தில் தெரிவு என்றே எண்ணத் தகுதியற்றது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலான வேறுபாடு, எந்த நேரத்தில் எந்தப் பொருளைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே பயனாகவோ, வீண்செலவாகவோ, ஆபத்தாகவோ மாறுகிறது. கீழ்வரும் ஒப்பீடு நேரத்தையும் வடிவத்தையும் வைத்தே செல்கிறது.

முதலில் நேரம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளிவந்து இன்றுவரை எடுத்தாளப்படும் கணக்கு. இந்த அழிவை நிறுத்த நிரூபிக்கப்பட்ட வழி, அடைப்பை நீக்கி இரத்த ஓட்டத்தை மீட்பது ஒன்றுதான். 1995ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், அறிகுறி தோன்றி 3 மணி நேரத்துக்குள் ஆல்டிபிளேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்தைப் பெற்றவர்களுள், மருந்து பெறாதவர்களைவிட 100க்கு 11 முதல் 13 பேர் வரை கூடுதலாக ஊனமின்றியோ மிகச் சிறிய ஊனத்துடனோ மீண்டார்கள். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு: அறிகுறி காட்டும் மூளை இரத்தக்கசிவு 0.6 விழுக்காட்டிலிருந்து 6.4 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. 2008இல் வந்த ஐரோப்பிய ஆய்வு இந்தச் சாளரத்தை நாலரை மணி நேரமாக நீட்டியது. டெனெக்டிபிளேஸ் என்ற மருந்து ஆல்டிபிளேஸுக்குக் குறைந்ததல்ல என்பதை 2023இல் 1,430 நோயாளிகளைக் கொண்டு நிறுவியவர்கள் சீன மருத்துவர்களே.

பெரிய குழாய் அடைப்பில், தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் த்ராம்பெக்டமியின் பயன் இன்னும் பெரியது. 2015இல் வெளியான ஐந்து ஆய்வுகளின் 1,287 நோயாளிகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது, 90 நாட்களில் பிறர் துணையின்றி வாழும் நிலையை எட்டியவர்கள் மருந்து மட்டும் பெற்ற அணியில் 26.5 விழுக்காடு, கட்டி நீக்கப்பட்ட அணியில் 46 விழுக்காடு. 2018இன் இரு ஆய்வுகள், ஸ்கேன் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு இந்த வாய்ப்பை 24 மணி நேரம் வரைகூட நீட்டித்தன. இந்தப் பயன்களுக்கு அருகில் நிற்கக்கூடிய எந்த மூலிகையும் எந்த ஊசிமுனையும் முதல் மணி நேரங்களில் இல்லை. சேர்க்கை மருத்துவத்தை ஆதரிக்கும் சீன மருத்துவர்களுள் பொறுப்புள்ளவர்கள் இதை மறுப்பதுமில்லை.

முதல் நேரத்தில் சீன மருத்துவத்தின் பெயரால் நடக்கும் இரண்டு காரியங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, பத்து விரல் நுனிகளையும் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் நோயாளி எழுந்துவிடுவார், அதுவரை அவரை அசைக்கக் கூடாது என்று பல மொழிகளில் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி. அதில் 'அசைக்கக் கூடாது' என்ற அறிவுரைதான் குத்துவதைவிடக் கொடியது, ஏனெனில் அது ஆம்புலன்ஸைத் தாமதப்படுத்துகிறது. மற்றொன்று, ஆன்கோங் நியூஹுவாங் என்ற பொற்றகடு சுற்றிய உருண்டை மாத்திரை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வூ ஜூதோங் என்ற மருத்துவர் கடுங்காய்ச்சலில் நினைவிழந்தவர்களுக்காக எழுதிவைத்த இந்த மருந்தைப் பல சீனக் குடும்பங்கள் 'பக்கவாதத்துக்கு' என்று வீட்டில் வாங்கி வைத்திருக்கின்றன. மாட்டுப் பித்தக்கல், கஸ்தூரி முதலியவற்றோடு சாதிலிங்கமும் மனோசிலையும் அதில் உண்டு. முன்னது பாதரசச் சேர்மம், பின்னது ஆர்செனிக் சேர்மம். பக்கவாதத்தில் விழுங்கும் ஆற்றல் குறைந்தவரின் வாயில் அதைக் கரைத்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து, உள்ளிருக்கும் பாதரசத்தைவிட உடனடியானது.

அடைப்பா, இரத்தக்கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். நாடி பார்த்தோ நாக்கைப் பார்த்தோ இதை உறுதியாகப் பிரித்தறிய முடியாது. இதன் முக்கியத்துவத்தை 2024இல் வெளியான ஒரு சீன ஆய்வு தெளிவாகக் காட்டியது: ஆம்புலன்ஸிலேயே இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சையை 2,404 பேரிடம் சோதித்ததில், கசிவு வகையினருக்கு அது நன்மையாகவும் அடைப்பு வகையினருக்குத் தீமையாகவும் முடிந்தது. ஒரே செயல் இரு வகைகளில் எதிரெதிர் விளைவைத் தருமானால், வகை தெரியாத நேரத்தில் 'இரத்தத்தை ஓடவைக்கும்' மூலிகையைக் கொடுப்பது சூதாட்டமே. முகம் கோணுகிறதா, கை தொய்கிறதா, பேச்சு குழறுகிறதா என்ற மூன்று கேள்விகளையும் சீனாவின் அவசர உதவி எண்ணான 120இன் இலக்கங்களோடு இணைத்து அங்கே ஒரு விழிப்புணர்வு இயக்கம் நடக்கிறது. அந்த எண்ணை அழைப்பதே முதல் மணி நேரத்தின் முழு வைத்தியமும் ஆகும்.

அடுத்து எழும் ஐயம், சீன மருத்துவ முறையைப் பின்பற்றும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதா, பொது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதா என்பது. வெளியில் இருப்பவர்கள் எண்ணுவதுபோல் இது மூலிகைக்கும் அறுவைக்கும் இடையிலான தெரிவன்று. குவாங்தோங் மாகாணச் சீன மருத்துவமனை, பெய்ஜிங்கின் தோங்ஜிமென் மருத்துவமனை போன்ற பெரிய சீன மருத்துவமனைகளில் ஸ்கேன், தீவிர சிகிச்சைப் பிரிவு முதலிய நவீன வசதிகள் அனைத்தும் இருக்கின்றன. மறுபுறம் சிறிய மாவட்டப் பொது மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இரவு நேரத்தில் கட்டி கரைக்கும் சிகிச்சை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வாசலில் உள்ள பெயர்ப்பலகை பயனற்ற தகவல். 24 மணி நேரமும் சி.டி. உண்டா, கட்டி கரைக்கும் மருந்து கையிருப்பில் உண்டா, த்ராம்பெக்டமி செய்யும் குழு அங்கே இருக்கிறதா அல்லது வேறிடத்துக்கு அனுப்புவார்களா என்ற கேள்விகளே இந்த முடிவைத் தீர்மானிக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் குடும்பத்தின் கையொப்பம் கேட்கும் வழக்கம் அங்கே இருப்பதால், கூடி ஆலோசிப்பதில் கரையும் நிமிடங்களும் இந்தக் கணக்கில் சேரும்.

முதல் நாள் கழிந்த பிறகுதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது. சீனாவில் அடைப்பு வகை நோயாளிகளுள் சிறு பகுதியினருக்கே கட்டி கரைக்கும் சிகிச்சை கிடைக்கிறது. பெரும்பாலோர் தாமதமாக வருகிறார்கள். அவர்களுக்கு மேலை மருத்துவம் தருபவை பெரும்பாலும் அடுத்த தாக்குதலைத் தடுப்பவை. 1997இல் சீனாவிலேயே 21,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு ஆஸ்பிரினின் சிறிய, ஆனால் உறுதியான பயனை நிறுவியது. சிறிய பக்கவாதமும் தற்காலிகத் தாக்குதலும் கண்டவர்களுக்கு ஆஸ்பிரினுடன் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெலையும் சேர்த்தால், 90 நாட்களில் மறுதாக்குதல் 11.7 விழுக்காட்டிலிருந்து 8.2 ஆகக் குறையும் என்பதை 2013இல் பெய்ஜிங் தியான்தான் மருத்துவமனையின் வாங் யோங்ஜுன் குழு 5,170 பேரிடம் காட்டியது. இவற்றோடு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, பயிற்சி. ஆனால் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட மூளைத் திசுவைக் காக்கும் மருந்து என்ற இடம் மேலை மருத்துவத்தில் ஏறக்குறைய வெறுமையாகவே கிடக்கிறது. பல பத்தாண்டுகளாகச் சோதிக்கப்பட்ட நரம்புக்காப்பு மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. சீன மருத்துவம் நுழையும் வாசல் இந்த வெறுமைதான்.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான திருத்தம் தேவை. சீனாவின் மருத்துவமனைகளில் 'மேலை மருந்து' என்ற பெயரில் ஏற்றப்படுபவை எல்லாம் சான்று பெற்றவை அல்ல. 2019 ஜூலையில் சீனத் தேசிய சுகாதார ஆணையம், தேவைக்கு மீறிப் பயன்படுத்தப்படுவதாகக் கருதிக் கண்காணிக்கப் பணித்த 20 மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. மூளைப்புரத நீர்ப்பகுப்புப் பொருள், கேங்கிலியோசைடு, வின்போசெட்டின், எடராவோன் எனப் பக்கவாத வார்டுகளில் தாராளமாகப் புழங்கிய பல பெயர்கள் அதில் இருந்தன. தான்ஷென் வேரையும் லிகஸ்ட்ராசினையும் கலந்த ஊசி மருந்தும் இருந்தது. 'நரம்புக்குச் சத்து' என்று ஏற்றப்படும் டிரிப்ஸை ஏற்றுக்கொண்டு, மூலிகைக் கேப்சூலை மட்டும் சான்று கேட்டு நிறுத்தும் குடும்பம் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தவில்லை.

சேர்ப்பது என்று முடிவெடுத்தால் எதைச் சேர்ப்பது? கேப்சூல், ஊசி மருந்து, கஷாயம், அக்குபஞ்சர் என்று நான்கு வடிவங்கள் எதிரே இருக்கின்றன. இவற்றை ஒரே பெயரில் 'சீன மருத்துவம்' என்று அழைப்பதால்தான் விவாதம் குழம்புகிறது. சான்றின் வலிமையும் ஆபத்தின் தன்மையும் நான்கிலும் வெவ்வேறு.

கேப்சூல்களுள் இன்று அதிகம் பேசப்படுவது ஷுவேசாய்தோங். யுன்னான் மாகாணத்தின் வென்ஷான் பகுதி பெயர்பெற்றிருக்கும் சான்ச்சி வேரிலிருந்து பிரித்தெடுத்த சாப்போனின்கள் என்ற தாவர வேதிப்பொருள்கள் அதன் உள்ளடக்கம். 2023இல் வெளியான ஆய்வில் சீனாவின் 67 மருத்துவமனைகளில், நோய் தொடங்கி 14 நாட்களுக்குள் சேர்க்கப்பட்ட 3,072 நோயாளிகள் இடம்பெற்றனர். வழக்கமான சிகிச்சையுடன் ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருமுறை மூன்று மாதம் இந்தக் கேப்சூலை உட்கொண்டவர்களுள் 89.3 விழுக்காட்டினரும், போலி மருந்து உட்கொண்டவர்களுள் 82.4 விழுக்காட்டினரும் அன்றாட வேலைகளைத் தாமே செய்யும் நிலையை அடைந்தனர். கடும் பக்கவிளைவுகளில் இரு அணிகளுக்கும் வேறுபாடில்லை. நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது உண்மை மருந்து என்று தெரியாதபடி நடந்த ஆய்வு இது, எண்ணிக்கையும் பெரியது.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது, போலி மருந்து அணியிலேயே 82 விழுக்காட்டினர் நலமடைந்திருக்கிறார்கள் என்றால், சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மிதமான பாதிப்புடையோர். படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு இந்த எண்களைப் பொருத்த முடியாது. இரண்டாவது, 100க்கு ஏறத்தாழ 7 பேர் என்ற பயன் வியப்பூட்டும் அளவுக்குப் பெரியது. வியப்பூட்டும் முடிவு ஒரே நாட்டிலிருந்து வரும்போது, வேறொரு நாட்டில் திரும்பவும் கிடைக்கும்வரை அதை வாக்குறுதியாக அல்லாமல் வாய்ப்பாகவே எண்ணுவது முறை. இது சீனர்களைக் குறை சொல்வதாகாது. சீனாவில் நடந்த அக்குபஞ்சர் ஆய்வுகள் ஏறக்குறைய அனைத்துமே சாதகமான முடிவையே அறிவித்தன என்று 1998இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழு சுட்டிக்காட்டியது. அதிலிருந்து ஆய்வுமுறைகள் வெகுவாக மேம்பட்டிருந்தாலும், தோற்ற ஆய்வுகள் அச்சேறாமல் போகும் பழைய வழக்கத்தின் நிழல் முற்றிலும் விலகிவிட்டதென்று சொல்ல முடியாது.

நாடு விட்டு நாடு போகும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் ஏற்கெனவே இருக்கிறது. நியூரோஎய்ட் என்ற பெயரில் விற்கப்படும் எம்.எல்.சி.601, ஒன்பது மூலிகைப் பொருள்களும் ஐந்து விலங்குப் பொருள்களும் அடங்கிய சீனக் கலவை. சிங்கப்பூரை மையமாகக் கொண்டு பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, இலங்கை, ஹாங்காங், மலேசியா ஆகிய இடங்களையும் சேர்த்து 1,100 நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாத முடிவில் போலி மருந்தைவிட அது மேலானது என்று நிறுவ முடியவில்லை, தீங்கும் காணப்படவில்லை. பின்னாளில் அதே நோயாளிகளை நீண்டகாலம் தொடர்ந்து பார்த்ததில் சில சாதகமான குறிகள் தெரிந்தன என்றாலும், முதன்மைக் கேள்வியில் கிடைக்காத வெற்றியைப் பின்தொடர் பகுப்பாய்வு ஈடுசெய்யாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தக் கேப்சூலைச் சொந்தப் பணத்தில் மாதக்கணக்கில் வாங்கும் குடும்பங்கள், இந்த நடுநிலை முடிவை அறிந்து வாங்குவது நல்லது.

இங்கே எல்லைக்கோடு மங்கும் ஒரு வகையையும் சொல்ல வேண்டும். பியூட்டில்ப்தலைடு என்ற மருந்து செலரிக் கீரையின் விதையில் கண்டறியப்பட்டு, இப்போது தொழிற்சாலையில் தூய வேதிப்பொருளாகத் தயாரிக்கப்படுகிறது. 2023இல் வெளியான ஆய்வில், கட்டி கரைக்கும் சிகிச்சையோ த்ராம்பெக்டமியோ பெற்ற 1,216 பேரிடம் இதைச் சேர்த்துக் கொடுத்தபோது, நல்ல நிலையை அடைந்தவர்கள் 44 விழுக்காட்டிலிருந்து 56.7 ஆக உயர்ந்தனர். இதை யாரும் சீன மருத்துவம் என்று விற்பதில்லை. மூலம் மூலிகை என்பதால் அது பாரம்பரியமாகிவிடாது. அதேபோல், சான்ச்சிக் கேப்சூல் பெட்டியின் மேல் பாரம்பரியம் என்று எழுதியிருந்தாலும் அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் தரப்படுத்திய சாப்போனின்களே.

இந்த இடத்தில் மரபுவழி மருத்துவர்கள் எழுப்பும் ஆட்சேபம் நியாயமானது. சீன மருத்துவம் நோயின் பெயரைப் பார்த்து மருந்து தருவதில்லை. உயிராற்றல் குன்றி இரத்தம் தேங்கியவரா, கபமும் வெப்பமும் மிகுந்தவரா, கல்லீரல் நெருப்பு மேலெழுந்தவரா என்று நிலைமையைப் பிரித்தறிந்தே தருகிறது. எல்லோருக்கும் ஒரே கேப்சூலைக் கொடுத்து வென்ற ஆய்வு, அந்த மருத்துவத்தின் கோட்பாட்டுக்கு வெற்றியாகாது. என் கணிப்பில் இந்த ஆட்சேபம் சரியே. ஆனால் அதன் விளைவு அவர்கள் விரும்பும் திசையில் செல்லவில்லை. சான்று கிடைத்திருப்பது கோட்பாட்டுக்கு அன்று, குறிப்பிட்ட சில பொருள்களுக்கு. ஆகவே, 'சேர்க்கை மருத்துவம் பயன் தரும்' என்ற பொதுவாக்கியத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பெயர், அளவு, காலம் ஆகிய மூன்றும் ஆய்வில் இருந்தபடியே கிடைக்கும் பொருளை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

கஷாயம் இந்தச் சோதனையில் பின்தங்குகிறது. பக்கவாதத்துக்குச் சீனாவில் மிகவும் அறியப்பட்ட கஷாயம், வாங் ச்சிங்ரென் 1830இல் வெளியிட்ட நூலில் உள்ள பூயாங் ஹுவான்வூ. ஹுவாங்ச்சி வேரைப் பெரும் அளவில் போட்டு, தாங்குவெய், செம்பியோனி, சுவான்சியோங், பீச் கொட்டைப் பருப்பு, குசும்பப்பூ, உலர்ந்த மண்புழு ஆகியவற்றைச் சிறு அளவில் சேர்ப்பது அதன் அமைப்பு. பக்கவாதம் வந்து, நெருக்கடி தணிந்து, ஒரு பக்கம் தளர்ந்து கிடப்பவருக்கான மருந்து அது, முதல் நாளுக்கானதன்று. இரு நூற்றாண்டுப் பழக்கம் அதற்கு இருக்கிறது. ஆனால் கேப்சூலுக்கு நடந்ததுபோன்ற அளவில் பெரிய ஆய்வின் ஆதரவு அதற்கு இல்லை. கஷாயத்துக்கு முறையான பெரிய சோதனை நடத்தவே முடியாது என்ற சாக்கும் இப்போது செல்லாது: கசிவு வகைப் பக்கவாதத்தில் எஃப்.ஒய்.டி.எஃப்.-919 என்ற மூலிகை நீர்மத்தைக் குவாங்தோங் மாகாணச் சீன மருத்துவமனையின் மருத்துவர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1,648 பேரிடம் போலி மருந்துடன் ஒப்பிட்டு, பயன் காணவில்லை என்று 2024இல் வெளிப்படையாக அறிவித்தார்கள். சாதகமற்ற முடிவை இவ்வளவு நேராக வெளியிட்டது, அந்த மருத்துவமனையின் மற்ற ஆய்வுகளின் மீதும் நம்பிக்கையைக் கூட்டுகிறது.

கஷாயத்தில் பழைய சூத்திரத்தின் பெயரைவிட உள்ளே இருக்கும் பொருள்களே முக்கியம். தாங் வம்சக் காலத்திலிருந்து பக்கவாதத்துக்குச் சொல்லப்பட்டுவரும் ஷியாவ் சூமிங் கஷாயத்தில் எஃபெட்ரா உண்டு. அதிலுள்ள எஃபெட்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றும். எத்தனையோ கஷாயங்களில் இனிப்புக்காகவும் இணைப்புக்காகவும் சேரும் அதிமதுரம், நாள்பட உண்டால் அழுத்தத்தை உயர்த்திப் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்தக்கொதிப்பால் பக்கவாதம் கண்டவருக்கு இவ்விரண்டும் வேண்டாதவை.

ஊசி மருந்துகள்தாம் நான்கினுள் எனக்கு அதிகத் தயக்கம் தருபவை. சான்று அடியோடு இல்லை என்பதால் அன்று. கிங்கோ இலையின் டைடெர்பீன் லாக்டோன்களைக் கொண்ட ஓர் ஊசி மருந்தை, நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் வந்த 3,448 பேரிடம் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஊனமற்ற நிலையை எட்டியவர்கள் போலி மருந்து அணியில் 44.1 விழுக்காடும் மருந்து அணியில் 50.4 விழுக்காடுமாக இருந்தனர். இது நல்ல முடிவு. ஆனால் வார்டில் ஏற்றப்படும் மூலிகை ஊசிகள் டஜன் கணக்கில் உள்ளன; இந்த ஒன்றின் சான்று மற்றவற்றுக்குப் பொருந்தாது. பல பொருள்கள் கலந்த தாவரச் சாற்றை நேராகச் சிரைக்குள் செலுத்துவதற்குப் பாரம்பரியத்தில் இடமே இல்லை. அது 20ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. 2006இல் யூஷிங்சாவ் மூலிகை ஊசிகள் கடும் ஒவ்வாமை விளைவுகளாலும் மரணங்களாலும் நிறுத்திவைக்கப்பட்டன. 2017இன் தேசியக் காப்பீட்டு மருந்துப் பட்டியல், பல மூலிகை ஊசிகளுக்கு இரண்டாம் நிலையும் அதற்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மட்டுமே செலவை ஈடுசெய்யும் என்று வரையறுத்தது. மருத்துவர் ஊசி மருந்தைப் பரிந்துரைத்தால், அந்த மருந்தின் பெயரில் போலி மருந்துடன் ஒப்பிட்ட பெரிய ஆய்வு உண்டா என்று கேட்பதும், இரண்டு மூன்று மூலிகை ஊசிகளை ஒரே நாளில் ஏற்றுவதை மறுப்பதும் குடும்பத்தின் உரிமை.

அக்குபஞ்சரைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 1972இல் தியான்ஜினில் ஷி ஷுவேமின் வகுத்த முறை, மணிக்கட்டுக்கு மேலுள்ள நெய்குவான், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள ரென்ஜோங் முதலிய புள்ளிகளைக் கொண்டது. சீனாவில் பக்கவாத மறுவாழ்வில் அது பரவலாகக் கையாளப்படுகிறது. தொடக்க நாட்களில் ஊசி குத்துவதைப் பற்றிய 33 ஆய்வுகளை ஆராய்ந்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டு மதிப்பாய்வு, தரமான ஆய்வுகளில் தெளிவான பயன் தெரியவில்லை என்று முடித்தது. விழுங்கும் சிரமத்துக்குத் துணைச் சிகிச்சையாக அதைப் பரிசீலிக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு மறுவாழ்வு வழிகாட்டுதல் தயக்கத்தோடு இடமளிக்கிறது. தேர்ந்த கையில், ஒருமுறை பயன்படுத்தும் ஊசியில் தீங்கு மிகக் குறைவு. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உண்பவர்களுக்கு மட்டும் ஆழமாகக் குத்துவது ஆகாது. பிசியோதெரபிக்கான நேரத்தையும் பணத்தையும் அது பறிக்காதவரை, நோயாளி விரும்பினால் செய்துகொள்ளலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் வசதி உண்டு என்றால், பிசியோதெரபியே முன்னுரிமை பெற வேண்டும்.

சேர்க்கையின் உண்மையான ஆபத்து, இரு மருத்துவங்களும் ஒரே உடலில் ஒன்றையொன்று அறியாமல் இயங்கும்போது வருகிறது. இதயத் துடிப்பு ஒழுங்கின்மையால் கட்டி உருவாகிப் பக்கவாதம் வந்தவர் இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் உண்பார். தான்ஷெனும் தாங்குவெய்யும் வார்ஃபரினின் செயலைக் கூட்டி, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை ஏற்றி, இரத்தக்கசிவுக்கு இட்டுச்செல்லக்கூடும் என்பது பல நோயாளிக் குறிப்புகளில் பதிவானது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து உண்ணும் முதல் மூன்று வாரங்களில் மூன்றாவதாக ஒரு 'இரத்தம் ஓட்டும்' மூலிகையைச் சேர்ப்பதும் அதே கவலைக்குரியது. சீன மருத்துவப் பயிற்சி பெறாத மேலை மருத்துவர்கள் சீன மருந்துகளைப் பரிந்துரைப்பதற்கு 2019இல் கட்டுப்பாடு வந்தது இந்தப் பின்னணியில்தான். பணத்தின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை: 2017இல் அரசு மருத்துவமனைகள் மருந்தின் மேல் இலாபம் வைப்பது நீக்கப்பட்டபோது, கஷாயத்துக்கான உலர் மூலிகைகளுக்கு விலக்களிக்கப்பட்டது. நீண்ட கஷாயப் பட்டியலைக் காணும்போது அந்த விலக்கை நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

இவற்றையெல்லாம் ஒரு நோயாளியின் மேல் வைத்துப் பார்த்தால் முடிவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. நாலரை மணி நேரத்துக்குள் வந்தவருக்கு, அல்லது பெரிய குழாய் அடைபட்டு 24 மணி நேரத்துக்குள் வந்தவருக்கு, இரத்த ஓட்டம் மீட்கப்படும்வரை வேறெதையும் பேசவே கூடாது. கட்டி கரைத்த முதல் 24 மணி நேரத்துக்கு ஆஸ்பிரினையே பொதுவாகத் தள்ளிவைக்கும் நிலையில், இரத்தம் ஓட்டும் மூலிகைக்கு அங்கே வேலையில்லை. தாமதமாக வந்த, மிதமான பாதிப்புள்ள, 75 வயதைத் தாண்டாத, வார்ஃபரின் வகை மருந்து தேவைப்படாத நோயாளிக்கு, வழக்கமான சிகிச்சை முழுவதையும் தொடர்ந்துகொண்டு சான்ச்சிக் கேப்சூலைச் சேர்ப்பது இன்று கையிலுள்ள சான்றின்படி நியாயமான தெரிவு. மேலை மருத்துவத்தை மட்டும் பின்பற்றுவதைவிட அதற்கு ஓரளவு சாதகம் இருக்கலாம் என்றே நான் கருதுகிறேன். இதயத்திலிருந்து கட்டி வந்தவருக்கும், வயிற்றுப்புண்ணோ இரத்தக்கசிவோ முன்பு கண்டவருக்கும், சிறுநீரகமும் கல்லீரலும் தளர்ந்த முதியவருக்கும் சேர்க்காமல் இருப்பதே பாதுகாப்பு. நினைவிழந்து தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு மூக்குக் குழாய் வழியே கஷாயம் செலுத்தலாமா என்று கேட்கப்படும்போது, தயங்காமல் வேண்டாம் என்று சொல்லலாம்.

சேர்த்தவர்கள் வீடு திரும்பும்போது, இரு தரப்பு மருந்துகளும் ஒரே தாளில், ஒரே மருத்துவரின் கண்ணில் பட்டபடி எழுதப்பட வேண்டும். வார்ஃபரின் உண்பவர் எந்த மூலிகையைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் அடுத்த வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். கேப்சூலை ஆய்வில் கொடுத்தது மூன்று மாதம். நான்காம் மாதத்திலும் அதை வாங்கிக்கொண்டே இருப்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடையாது. ஆனால் ஆஸ்பிரினையோ அதற்கு மாற்றான மருந்தையோ, ஸ்டாட்டினையும் இரத்தக்கொதிப்பு மாத்திரையையும் மூன்று மாதத்தில் நிறுத்துவதற்கு எந்த ஆய்விலும் ஆதாரம் கிடையாது. பணம் போதாமல் எதையேனும் விட வேண்டிய நிலை வந்தால், விடவேண்டியது கேப்சூலைத்தான்.